கையும் வாயும்: புதிய டாரட் கட்டில் ‘ஸ்ட்ரெங்த்’ சீட்டைப் படிப்பது எப்படி

பெண்ணும் சிங்கமும் ஒரே படத்தில் இருந்தால் சேலத்தில் யாருக்கும் முதலில் தோன்றுவது அம்மன்தான். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊரே திரள்வதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்களுக்கு வேறெதுவும் தோன்றாது. டாரட் என்ற படச் சீட்டுக் கட்டில் ‘ஸ்ட்ரெங்த்’, அதாவது வலிமை, என்ற பெயரில் வரும் எட்டாம் சீட்டில் இருப்பதும் ஒரு பெண்ணும் ஒரு சிங்கமும். அதை அம்மன் என்று எடுத்துக்கொண்டால் மற்ற எல்லாமே தடம் மாறிவிடும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறோம். மிகவும் பழகிய உருவம் என்பதாலேயே நமக்கு இது படிக்கக் கடினமான சீட்டு. அதனாலேயே கற்றுக்கொள்ள இதைவிட நல்ல சீட்டும் இல்லை.

டாரட் 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டாகத் தொடங்கியது. குறி சொல்வதற்கு அது பரவலாகப் பயன்பட்டது 18-ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில், பிரான்சில். மொத்தம் 78 சீட்டு: தனிப் பெயர் கொண்ட மேஜர் அர்கானா 22, வாண்ட்ஸ் (கம்பு), கப்ஸ் (கோப்பை), வாள், பென்டகிள்ஸ் (நாணயம்) என்று நான்கு வகையாக வரும் மைனர் அர்கானா 56. நடக்கப்போவதைச் சீட்டு காட்டும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. ஒரு கேள்வியைப் பல பக்கமிருந்து யோசிக்க உதவும் படம் என்ற அளவில்தான் இங்கே அதை எடுத்துக்கொள்கிறோம். அந்த அளவிலேயே அதில் கற்க நிறைய இருக்கிறது.

முன்னேற்பாடு

உங்கள் புதிய கட்டு. 1909-இல் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்ட கட்டின் அதே சீட்டுப் படம். கோடு போட்ட நோட்டு. கறுப்பு சார்ட் பேப்பர் ஒன்று. சின்ன லென்ஸ் இருந்தால் நல்லது.

1909 கட்டு ஏன் வேண்டும்? இன்று கடையிலும் இணையத்திலும் விற்கும் புதிய கட்டுகளில் பெரும்பாலானவை அதற்குப் பதில் சொல்வதுபோல் வரையப்பட்டவை. ஆர்தர் எட்வர்டு வெய்ட் திட்டமிட, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தது அந்தக் கட்டு. புதிய ஓவியர் எதை வைத்துக்கொண்டார், எதை விட்டார், எதை மாற்றினார் என்பதில்தான் அவர் சொல்ல வந்தது இருக்கிறது. மூலம் பக்கத்தில் இல்லாவிட்டால் மாற்றம் கண்ணில் படாது. வெய்ட் இறந்தது 1942, ஸ்மித் இறந்தது 1951. இந்தியாவில் படைத்தவர் இறந்து 60 ஆண்டு கடந்தால் பதிப்புரிமை முடிந்துவிடும் என்பதால் 1909 மூலப் படத்தை ஏ4 தாளில் கலர் ஜெராக்ஸ் போட்டுக்கொள்ளலாம். பிற்காலத்தில் நிறம் மாற்றி வெளியிட்ட பதிப்புகளுக்கு இதே விதி பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வழக்கமான டாரட் சீட்டு 70 மி.மீ. அகலம், 120 மி.மீ. உயரம். சார்ட் பேப்பரில் அதே அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, அதன் ஒரு மூலையில் 35-க்கு 60 மி.மீ. ஜன்னல் திறந்துகொள்ளுங்கள். சீட்டின் மேல் வைத்தால் கால்வாசி மட்டும் தெரியும். துண்டைத் திருப்பித் திருப்பி வைத்தால் நான்கு கால்பகுதியையும் தனித்தனியாகப் பார்க்கலாம்.

கட்டோடு வந்த குறிப்புப் புத்தகத்தை இப்போது திறக்க வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கால்பகுதிக்கும் இரண்டு நிமிடம் கொடுத்து, கண்ணில் பட்டதை மட்டும் எழுதுங்கள். “தைரியம்”, “அன்பு” போன்ற சொற்கள் இந்தப் பக்கத்தில் வரக் கூடாது. “வலது கை விலங்கின் நெற்றியில்”, “விரல் விரிந்திருக்கிறது”, “வால் கால்களுக்கு நடுவே”, “பின்னால் மூன்று மரம்” என்று எழுதுங்கள். பொருள் சொல்லும் சொல் ஒன்று உள்ளே வந்துவிட்டால், அதற்குப் பிறகு கண் அந்தச் சொல்லுக்குச் சாட்சி தேட ஆரம்பித்துவிடும். படத்தைப் பார்ப்பது அங்கேயே நின்றுபோகும். புதிதாகப் படிப்பவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த முதல் பத்து நிமிடத்தில்தான்.

கை

கோயில் சிற்பம் பார்க்கத் தெரிந்தவருக்கு இதில் பாதி வேலை முடிந்தது. மழுவும் மானும் கையில் இருந்தால் சிவன், சங்கும் சக்கரமும் இருந்தால் பெருமாள், வேல் இருந்தால் முருகன். முகத்தைப் பார்த்து யாரும் அடையாளம் சொல்வதில்லை. தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் மண்டபத்தில் நின்று, ஒவ்வொரு உருவத்தின் கையையும் மட்டும் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். அதே பழக்கத்தைச் சீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

ஸ்ட்ரெங்த் சீட்டில் கை எப்படியெல்லாம் மாறி வந்திருக்கிறது என்று தெரிந்தால் புதிய ஓவியரின் முடிவு தெளிவாகப் புரியும். 15-ஆம் நூற்றாண்டின் விஸ்கோன்டி-ஸ்போர்சா கட்டில் பெண்ணே கிடையாது. ஹெர்குலிஸ் போன்ற ஓர் ஆண், சிங்கத்தை அடிக்கத் தடியை ஓங்கி நிற்கிறான். அங்கே வலிமை என்றால் அடிக்கும் பலம். பிரான்சில் வழங்கிய பழைய மார்சேய் வகைக் கட்டுகளில் அகன்ற தொப்பி அணிந்த பெண், வெறுங்கையால் சிங்கத்தின் தாடையைப் பிடித்திருக்கிறாள். திறக்கிறாளா மூடுகிறாளா என்பதைப் படம் முடிவாகச் சொல்வதில்லை. ஆயுதம் போய், தொடுதல் வந்துவிட்டது என்பது மட்டும் உறுதி. 1909 கட்டில் அவள் குனிந்து, ஒரு கையை மூக்குப் பக்கமும் இன்னொன்றைத் தாடைக்குக் கீழும் வைத்திருக்கிறாள். வாயை மூடுகிறாள் என்று வெய்ட் எழுதியே வைத்தார். மறைஞான எழுத்தாளர் அலெய்ஸ்டர் க்ரௌலிக்காக ஓவியர் ஃப்ரீடா ஹாரிஸ் 1938 முதல் 1943 வரை வரைந்த தாத் கட்டில் பெண் விலங்கின் மேல் ஏறி அமர்ந்திருக்கிறாள். இடது கையில் கடிவாளம், உயர்த்திய வலது கையில் கிண்ணம். சீட்டின் பெயரே ‘லஸ்ட்’, அதாவது இச்சை, என்று மாறிவிட்டது. அடக்குவதும் இல்லை, மூடுவதும் இல்லை. அந்த வேகத்தோடு சேர்ந்தே போகிறாள்.

ஓங்கிய கை, பிடித்த கை, மூடும் கை, கடிவாளம் பிடித்த கை. உங்கள் புதிய கட்டின் ஓவியர் இந்த நான்கில் எதற்குப் பக்கத்தில் நிற்கிறார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு மூன்று கேள்விகள். கை விலங்கைத் தொடுகிறதா, தொடாமல் நீட்டியிருக்கிறதா? உள்ளங்கை தெரிகிறதா, முஷ்டியா? அழுத்தம் இருக்கிறதா? அழுத்தத்தை விலங்கின் தோலில்தான் பார்க்க வேண்டும். பிடரி மயிர் விரலுக்கு அடியில் நசுங்கியிருந்தால் அழுத்தம் உண்டு. மயிர் விரல்களுக்கு நடுவே எழுந்து நின்றால் கை சும்மா கிடக்கிறது. லென்ஸ் இதற்குத்தான்.

பலர் பெண்ணின் முகத்தைப் பார்த்து “சாந்தமாக இருக்கிறாள், எனவே பொறுமை” என்று முடித்துவிடுகிறார்கள். புதிய கட்டுகளில் எல்லாப் பெண் முகமும் சாந்தமாகத்தான் இருக்கும், வாள் சீட்டிலும் கூட. முகம் அந்த ஓவியரின் பாணி. கை இந்தச் சீட்டுக்கே உரிய முடிவு.

வாய்

அடுத்தது விலங்கின் வாய். மூடியிருக்கிறதா, திறந்து பல் தெரிகிறதா, நாக்கு வெளியே இருக்கிறதா? 1909 சீட்டில் சிங்கம் நாக்கை நீட்டியபடி பெண்ணை அண்ணாந்து பார்க்கிறது. வால் பின்னங்கால்களுக்கு நடுவே ஒடுங்கியிருக்கிறது. தோற்ற மிருகத்தின் வால் அது. நாக்கோ வளர்ப்பு மிருகத்தின் நாக்கு. இரண்டும் ஒரே உடம்பில் இருப்பதால்தான் அந்தப் படம் இத்தனை காலம் தாங்குகிறது.

வாய் இங்கே பசி, கோபம், ஆசை, சொல்லாமல் அடக்கி வைத்த பேச்சு என எதற்கும் நிற்கும். புதிய கட்டில் வாய் முழுதாக மூடியிருந்தால் சீட்டு அடக்கத்தின் பக்கம் சாய்கிறது. திறந்திருந்து, பெண்ணின் கை கழுத்தில் இருந்தால் கர்ஜிக்க விடுகிறாள், கடிக்க மட்டும் விடவில்லை என்று படிக்கலாம். இந்த இரண்டும் கேள்வியோடு வந்தவருக்குக் கிட்டத்தட்ட எதிரெதிரான ஆலோசனை. ஒன்று “இப்போது பேசாதே” என்கிறது, மற்றது “பேசு, கை நீட்டாதே” என்கிறது. குறிப்புப் புத்தகத்தில் இரண்டுக்கும் “உள்வலிமை” என்றே போட்டிருப்பார்கள்.

சுற்றியுள்ளவை

தலைக்கு மேல் படுத்த எட்டு போன்ற முடிவிலிக் குறி. 1909 கட்டில் அதே குறி முதல் சீட்டான மெஜிஷியன் தலைக்கு மேலும் இருக்கிறது. பென்டகிள்ஸ் இரண்டில் நாடாவாகச் சுற்றியிருக்கிறது. உங்கள் கட்டில் இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் இருந்தால் ஓவியர் பழைய இழையைப் பிடித்துக்கொண்டே வரைந்திருக்கிறார். ஸ்ட்ரெங்தில் மட்டும் கூந்தல் சுருளாகவோ பாம்பாகவோ ஒளிந்திருந்தால் அங்கே அழுத்தம் கொடுக்கிறார்.

பூமாலையை விட்டுவிடாதீர்கள். 1909 சீட்டில் பெண்ணின் இடுப்பிலிருந்து சிங்கத்தை நோக்கிப் போகும் பூச்சரம் உண்டு. சங்கிலி இருக்க வேண்டிய இடத்தில் பூ. சிங்கம் நினைத்தால் ஒரு நொடியில் அறுத்துவிடலாம். அறுக்காமல் இருப்பதுதான் சீட்டின் மையமே. புதிய கட்டில் அந்த இடத்தில் தோல் பட்டையோ கயிறோ வந்திருந்தால் விலங்கின் சம்மதம் போய்விட்டது. படத்தின் மூலையில் கிடக்கும் சின்ன மாற்றம் போலத் தெரியும், ஆனால் சீட்டின் குணமே அதில் மாறியிருக்கும்.

பின்னால் நீல மலை. சேலத்தில் மாடியில் நின்று வடக்கே பார்த்தால் சேர்வராயன் மலையும் தூரத்துக்கு நீலமாகத்தான் தெரியும். அங்கே போய் நின்றால் பச்சை. ஓவியத்தில் நீல மலை என்றால் தொலைவு என்ற செய்தி மட்டும்தான் முதலில். ஏறி வந்ததா, இனி ஏற வேண்டியதா என்பதைப் பெண் அதற்கு முகம் காட்டுகிறாளா முதுகு காட்டுகிறாளா என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நிறத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1909 சீட்டின் பின்னணி மஞ்சள். பல பதிப்புகளில் அது எலுமிச்சை மஞ்சளாகவும் காவியாகவும் வெளிறியும் வந்திருக்கிறது. ஒரு சீட்டின் மஞ்சள் சாயல் கொஞ்சம் சிவந்திருக்கிறதே என்று அதிலிருந்து பொருள் எடுக்காதீர்கள். அது அச்சு இயந்திரத்தின் வேலையாக இருக்கலாம். அதே கட்டின் மற்ற சீட்டுகளில் மஞ்சள் எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்பதை மட்டும் கணக்கில் எடுங்கள்.

எட்டா, பதினொன்றா

சில புதிய கட்டுகளில் இதே சீட்டில் 11 என்று இருக்கும், ஜஸ்டிஸ் சீட்டில் 8 என்று இருக்கும். அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம். மார்சேய் வரிசை அதுதான். வெய்ட்டின் கட்டில் இரண்டும் இடம் மாறின. வெய்ட்டும் ஸ்மித்தும் இருந்த ‘கோல்டன் டான்’ என்ற மறைஞானச் சங்கம் சீட்டுகளை ராசிகளோடு பொருத்தியது: ஸ்ட்ரெங்த் சிம்மம், ஹெர்மிட் கன்னி, ஜஸ்டிஸ் துலாம். ராசி வரிசைப்படி சிம்மம் முன்னால் வர வேண்டும் என்றால் ஸ்ட்ரெங்த் எட்டுக்கு வந்தாக வேண்டும்.

சிம்மம் என்றதும் நம்மில் பலர் ஆவணி மாதம் என்று பஞ்சாங்கத்தைப் பிடிப்பார்கள். அந்தக் கணக்கு இங்கே ஒத்துவராது. டாரட்டில் பேசப்படுவது, பருவங்களை வைத்துக் கணக்கிடும் மேற்கத்திய சாயன ராசி. ஜூலை 23 வாக்கில் தொடங்கி ஆகஸ்ட் 22 வாக்கில் முடியும். நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடும் நம் பஞ்சாங்கத்தின் நிராயன ராசியோடு ஏறத்தாழ 24 பாகை வித்தியாசம் உண்டு. மேற்கத்திய சிம்மத்தின் பெரும்பகுதி நம் ஆடியில்தான் விழுகிறது. கேட்டவரின் ஜாதக ராசியைச் சீட்டின் ராசியோடு முடிச்சுப் போட்டால் இரண்டு கணக்கும் கெட்டுவிடும். ராசியைத் தொடாமலே சீட்டை நன்றாகப் படிக்கலாம்.

எண்ணைப் படிக்க எளிய வழி, முன்னும் பின்னும் உள்ள சீட்டைப் பார்ப்பது. எட்டாக இருந்தால் முன்னால் சாரியட் 7, பின்னால் ஹெர்மிட் 9. தேரை ஓட்டி வெளியே வென்றவன், உள்ளே இருக்கும் மிருகத்தைச் சந்தித்து, பிறகு தனியே விளக்கோடு போகிறான். பதினொன்றாக இருந்தால் முன்னால் வீல் ஆஃப் ஃபார்ச்சூன், பின்னால் ஹேங்ட் மேன். சக்கரம் புரட்டிப் போட்ட பிறகு, தலைகீழாகத் தொங்குவதற்கு முன் தேவைப்படும் பலம் அது. உங்கள் கட்டு எந்த வரிசையோ அந்த வரிசையையே பிடியுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள்.

ஓவியர் சிங்கத்தையே எடுத்துவிட்டால்

பெண்ணுக்கு ஜீன்ஸ் போட்டு, சிங்கத்தை அப்படியே விட்டிருந்தால் பெரிய சிக்கல் இல்லை. பழைய சீட்டு புது உடையில் இருக்கிறது, அவ்வளவுதான். விலங்கு மாறினால் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். யோசிக்கும் வழியை நம் பக்கத்து விலங்குகளை வைத்தே பழகலாம்.

ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் காட்டெருமை வந்து நிற்பது உண்டு. தெரிந்தவர்கள் கத்த மாட்டார்கள், ஓட மாட்டார்கள், வழிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். ஓர் ஓவியர் இந்தச் சீட்டைச் சேர்வராயன் மலையில் வைத்து, சிங்கத்துக்குப் பதில் காட்டெருமையை வரைகிறார் என்று வையுங்கள். பலத்துக்கு முன் நிதானம் என்பது அப்படியே தங்கும். சூரியனும் சிம்மமும் போய்விடும். அதைவிட முக்கியமாக, தொடுதல் போய்விடும், ஏனென்றால் காட்டெருமையை யாரும் தொடப்போவதில்லை. எனவே அந்தச் சீட்டின் வலிமை தூரத்தை மதிக்கும் வலிமை. “நெருங்கிப் பேசு” என்று அதிலிருந்து யாருக்கும் சொல்ல முடியாது. இன்னோர் ஓவியர் கூலமேடு, தம்மம்பட்டி வாடிவாசலிலிருந்து காளையையும் திமிலைத் தழுவிய இளைஞனையும் வரைந்தால் தொடுதல் திரும்ப வந்துவிடும். ஆனால் அந்தப் பிடி 1909-இன் பெண்ணைவிட விஸ்கோன்டி கட்டின் தடிக்காரனுக்குத்தான் நெருக்கம். விலங்கு மாறும்போது எப்போதும் இந்த இரண்டு கேள்வி: எது தங்கியது, எது போனது?

மனித உருவமே இல்லாத கட்டுகளும் நிறைய உண்டு. விலங்கு மட்டும் நிற்கும். அப்போது கையை எங்கே தேடுவது? எது எதைத் தொடுகிறது என்று பாருங்கள். விலங்கு பல்லுக்கு நடுவில் பூவை நசுக்காமல் பிடித்திருந்தால் தாடையே கையின் வேலையைச் செய்கிறது. அடக்குபவரும் அடங்குபவரும் ஒரே உடம்பு என்று ஓவியர் சொல்கிறார். இப்படிப்பட்ட சீட்டு வந்தால் “யாரோ உங்களை அடக்குகிறார்” என்ற வாசிப்புக்கு இடமே இல்லை.

ஒரு விவரம் வேண்டுமென்றே வரையப்பட்டதா, தற்செயலா என்ற சந்தேகம் இப்போது அடிக்கடி வருகிறது. கணினியே உருவாக்கிய படங்களைக் கட்டாக அச்சிட்டு விற்கிறார்கள். ஆறு விரல், எங்கும் இணையாத சங்கிலி, இரண்டு நிழல் எல்லாம் அதில் இருக்கும். ஆறாவது விரலுக்குப் பொருள் தேடி உட்காராதீர்கள். சோதனை எளிது. அந்த விவரம் கட்டின் வேறு சீட்டு எதிலாவது திரும்ப வருகிறதா? 1909 சீட்டின் ஏதாவது ஒரு பொருளுக்குப் பதிலாக வந்திருக்கிறதா? ஓவியரின் குறிப்பில் இருக்கிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். மலிவு விலைக்கு வரும் திருட்டுப் பிரதிகளிலும் கவனம் வேண்டும். அளவு சிறிதாக, ஓரம் வெட்டுப்பட்டு, புத்தகத்துக்குப் பதில் க்யூஆர் கோடு மட்டும் இருக்கும். ஓரத்தோடு சேர்ந்து மலையும் வாலும் போயிருக்கும்.

குறிப்புப் புத்தகத்தைத் திறக்க வேண்டிய நேரம் இதுதான். நீங்கள் எழுதியதோடு ஒப்பிடுங்கள். ஓவியர் சொல்வதும் நீங்கள் பார்த்ததும் மோதினால் இரண்டையும் எழுதி வையுங்கள், உங்களுடையதை அடிக்காதீர்கள்.

இனி அம்மன்

மாமல்லபுரத்து மகிஷாசுரமர்த்தினியை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். தேவி சிங்கத்தின் மேல் இருக்கிறாள், பல கைகளில் ஆயுதம், எதிரே எருமைத் தலை அசுரன். அங்கே சிங்கம் தேவியின் பக்கம். வெல்லப்பட வேண்டியது எதிரே நிற்கிறது. ஸ்ட்ரெங்த் சீட்டில் எதிரே நிற்பவர் யாருமில்லை. சிங்கமே அந்த எதிர்ப்பக்கம், சிங்கமே பிறகு துணை. இந்தச் சீட்டை அம்மனாகப் படித்தால் கேட்டவர் உடனே “அப்ப என் எதிரி யாரு?” என்று தேட ஆரம்பிப்பார். சீட்டில் இல்லாத எதிரியை அவர் வீட்டிலோ அலுவலகத்திலோ கண்டுபிடித்தும் விடுவார். இந்த வாசிப்பால் வரும் கெடுதல் அதுதான், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

அதற்காக அந்த நினைவைத் துரத்தவும் வேண்டாம். நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: படத்தில் இருப்பது, மரபில் இருப்பது, எனக்கு வந்தது. அம்மன் மூன்றாவது பத்திக்குப் போகட்டும். கேட்டவரே “அம்மன் மாதிரி இருக்கே” என்றால் அது அவருடைய மூன்றாம் பத்தி; “அந்தச் சிங்கம் உங்க பக்கம் நிக்குதா, எதிர்ல நிக்குதா?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில் உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும். தாத் கட்டு போல, பெண் விலங்கின் மேல் அமர்ந்த கட்டுகளில் அம்மன் நினைவு கொஞ்சம் நெருங்கி வரும். அங்கேயும் எதிரே அசுரன் இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

தலைகீழாக வந்தால்

“எதிர்மறை” என்று மனப்பாடமாகச் சொல்லாமல் படத்தையே பாருங்கள். சீட்டு திரும்பும்போது முடிவிலிக் குறி அடியில் போகிறது, சிங்கம் பெண்ணுக்கு மேலே வருகிறது. மேலே யார் இருக்கிறார் என்பதுதான் வாசிப்பு: பசியோ கோபமோ கையை மீறிவிட்டது, அல்லது கை தளர்ந்துவிட்டது. எது என்று கையின் அழுத்தத்தை வைத்துச் சொல்லுங்கள். வட்டச் சீட்டுகளாக வந்த மதர்பீஸ் போன்ற கட்டுகளில் நேர், தலைகீழ் என்ற இரண்டே நிலை கிடையாது. எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். சீட்டின் முதுகு ஓவியத்தில் மேல் கீழ் வேறுபாடு தெரிந்தால், கலைக்கும்போதே எது தலைகீழ் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட கட்டில் தலைகீழ் வாசிப்பே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

கேள்வியோடு சேர்த்து

செவ்வாய்ப்பேட்டையில் அண்ணன் தம்பி சேர்ந்து வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் கேட்கிறார்: “தம்பிய பிரிச்சு விட்டுடலாமா, சேர்ந்தே ஓட்டலாமா?” மூன்று சீட்டு. இடப்பக்கம் வாண்ட்ஸ் ஐந்து, நடுவில் ஸ்ட்ரெங்த், வலப்பக்கம் கப்ஸ் இரண்டு. கட்டு புதியது, ஸ்ட்ரெங்தில் சாதாரண உடையில் ஒரு பெண், பக்கத்தில் பெரிய நாய், வாய் திறந்திருக்கிறது, அவள் கை அதன் கழுத்தில் விரிந்து கிடக்கிறது.

வாண்ட்ஸ் ஐந்தின் 1909 படத்தில் ஐந்து பேர் கம்பு வீசுகிறார்கள். ஒரு கம்பும் யார் மேலும் விழுந்ததாகக் காட்டவில்லை. சத்தம் பெரிது, காயம் இல்லை. கப்ஸ் இரண்டில் இருவர் கோப்பையோடு எதிரெதிரே நிற்க, அவர்களுக்கு மேலே சிறகு முளைத்த சிங்கத் தலை. அதாவது நடுச்சீட்டின் விலங்கு இங்கே திரும்ப வருகிறது. உங்கள் கட்டின் கப்ஸ் இரண்டிலும் அதே நாய் இருந்தால் ஓவியர் இழையைத் தெரிந்தே விட்டிருக்கிறார்.

அண்ணன் நாயைப் பார்த்ததும் “இவன்தான் என் தம்பி” என்பார். அங்கே அவரைக் கொஞ்சம் நிறுத்த வேண்டும். “அண்ணா, இந்த விலங்கு பெரும்பாலும் கேக்குறவங்களுக்குள்ள இருக்குறதுதாங்க. தம்பி பேச ஆரம்பிச்சதும் உங்களுக்கு உள்ள என்ன எழும்புது?” வாய் திறந்திருப்பதால் அடக்கிக்கொண்டு போகச் சொல்லும் சீட்டு இது ஆகாது. கை கழுத்தில் இருப்பதால் வெட்டிவிடச் சொல்வதும் ஆகாது. பேச்சு நடக்கட்டும், கணக்கு வழக்கு எல்லாம் வெளியே வரட்டும், கை மட்டும் விலகக் கூடாது. கப்ஸ் இரண்டு வலப்பக்கம் இருப்பதால் பேச்சின் முடிவில் ஓர் ஒப்பந்தம் இருக்க வேண்டும். சேர்ந்தே இருப்பதோ பிரிவதோ அந்த ஒப்பந்தத்தில் அவர்கள் எழுதிக்கொள்ள வேண்டியது. முடிவைச் சீட்டின் வாயால் நீங்கள் சொல்லிவிடக் கூடாது.

உடம்புக்கு முடியவில்லை என்று கேட்டு இந்தச் சீட்டு வந்தால் “வலிமை வந்துடுச்சு, சரியாகிடும்” என்று சொல்லவே சொல்லாதீர்கள். மருத்துவரிடம் அனுப்புங்கள். கோர்ட் வழக்கு, கடன் பத்திரம் என்றாலும் அப்படியே; அதற்கு வக்கீல் இருக்கிறார்.

மேலே தொடர

22 மேஜர் அர்கானாவின் வரிசை மனதில் நிற்காவிட்டால் முன் சீட்டு, பின் சீட்டு பார்க்கும் வழி ஓடாது. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. அடிவாரம் ஃபூல், எண் 0. கீழிருந்து எண்ணி ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு சீட்டு. முதல் வளைவு மெஜிஷியன், இருபதாவது ஜட்ஜ்மென்ட். மேலே ஊருக்குள் நுழைந்தால் வேர்ல்ட், 21. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு திருப்பத்திலும் பெயரைச் சொல்லிக்கொண்டே போங்கள். இறங்கும்போது 21-லிருந்து திரும்பச் சொல்லுங்கள். அதுதான் கடினம், அதுதான் மனதில் நிற்கும். எட்டாம் வளைவில் ஸ்ட்ரெங்த் என்பது வெய்ட் வரிசைக்கு. உங்கள் கட்டு மார்சேய் வரிசை என்றால் எட்டிலும் பதினொன்றிலும் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரெங்தை முடித்ததும் சாரியட்டை எடுங்கள். அங்கே பார்க்க வேண்டியது கடிவாளம். 1909 சீட்டில் தேரோட்டியின் கையில் கடிவாளமே கிடையாது, கோல் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் கட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கடுத்து ஹெர்மிட். அதில் விளக்கைப் பிடித்த கை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, வெளிச்சம் அவருடைய காலடியில் விழுகிறதா, தூரத்தில் இருப்பவர்களுக்கு எட்டுகிறதா என்பதிலிருந்து தொடங்குங்கள்.